தட்டில் வெட்டிய பேர்

ஜூன் 12, புதன்

சுபி: காய்ச்சல் இல்லை. இட்லி இரண்டு. ஒரு வாந்தி.

இப்படித்தான் தினமும் எழுதி வரச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. வேறு நோட்டு கைக்கு அகப்படாமல் எங்கள் கடை டைரியை எடுத்து வந்துவிட்டேன். வருஷா வருஷம் வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்க அச்சடிப்பது. அட்டையில் தங்க எழுத்தில் ‘வேலாயுதம் பாத்திர மாளிகை, சங்கரன்கோவில்’ என்று பளபளக்கிறது. வந்ததும் முதல் வேலையாக அதன் மேல் செய்தித்தாளைச் சுற்றி ஒட்டினேன்.

வந்திருக்கும் இடத்துக்கு நிழல் இல்லம் என்று பேர். மதுரையில், ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் இருக்கிறது. புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்க வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகளும் அவர்களின் அம்மாக்களும் இங்கே தங்கலாம். அறை, சாப்பாடு, ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேன், எல்லாம் இலவசம். ஒரு தொண்டு நிறுவனம் நடத்துகிறது. பொறுப்பாளர் ரெஜினா அக்கா வாசலுக்கே வந்து பையை வாங்கிக்கொண்டார். உங்கள் வீடு மாதிரி இருங்கள் என்றார். எங்கள் வீட்டு வாளியில் யார் பேரும் எழுதியிருக்காது.

இங்கே பேர் இல்லாத சாமான் கிடையாது. மின்விசிறியில் ஒருவர், கட்டிலில் ஒருவர், தண்ணீர் டிரம்மில் காலமான ஒருவர். குளியலறை வாளியில் ‘உபயம்: பெயர் சொல்ல விரும்பாத அன்பர்’ என்று சிவப்புப் பெயின்டில் இருக்கிறது. சொல்ல விரும்பாதவரையும் விடவில்லை. நான் சிரிக்கக் கூடாதுதான். எங்கள் ஊர்க் கோவில் டியூப் லைட்டில் என் வீட்டுக்காரர் பேர் இருக்கிறது. எழுத்து பெரிது, வெளிச்சம் பாதிதான் வரும்.

ஊரில் நாங்கள் நாத்தனார் வீட்டில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறது. நாத்தனார் மதுரையில்தான் இருக்கிறாள். தன் மாமியாருக்கு முடியவில்லை, வீடு சின்னது என்று சொல்லிவிட்டாள். சுபிக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு ரத்தக் குறைவு என்று சொல்லியிருக்கிறது. அதில் பொய் இல்லை, முழுசும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 15, சனி

சுபி: காய்ச்சல் இல்லை. ரசம் சோறு கொஞ்சம். வாந்தி இல்லை.

இன்றைய மதியச் சாப்பாடு யாரோ ஒரு எல்.ஐ.சி. அதிகாரியின் அறுபதாம் கல்யாணத்துக்காக. வாசல் கரும்பலகையில் எழுதியிருந்தார்கள். இங்கே முறை என்னவென்றால், சாப்பாடு கொடுப்பவர்கள் குடும்பத்தோடு வருவார்கள். நாங்கள் கூடத்தில் வரிசையாக உட்கார வேண்டும். அவர்கள் கையால் பரிமாறுவார்கள். முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து ஒரு போட்டோ. அந்தப் போட்டோதான் நாங்கள் சொல்லும் நன்றி. இல்லத்தின் பேஸ்புக் பக்கத்தில் போடுவார்களாம். கொடுத்தவர் தன் உறவுக்கெல்லாம் அனுப்புவாராம்.

போட்டோ என்றதும் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே எப்போதும் ஆள் தேவை. அடுப்படியில் நிற்பவர் யாரானாலும் பச்சை ஏப்ரனும் தலைக்குத் துணித்தொப்பியும் போட்டாக வேண்டும். பிள்ளைகளுக்குக் கிருமி தொற்றிவிடக் கூடாதே. சனி ஞாயிறில் சேவைக்கு வரும் பெண்களும் அதைத்தான் போடுகிறார்கள். போட்டுக்கொண்டு நின்றால் யார் சேவைக்காரி, யார் நோயாளியின் அம்மா என்று தெரியாது. எனக்கு அது பிடித்திருந்தது.

சுபி பின்னாலேயே வந்து ஏன் எழுந்து வந்தாய் என்று கேட்டாள். வேலை கிடக்கிறது என்றேன்.

ஜூன் 16, ஞாயிறு

சுபி: லேசான காய்ச்சல். மாத்திரை கொடுத்தேன்.

இங்கே எந்தப் பிள்ளை அம்மா என்று கூப்பிட்டாலும் எல்லா அம்மாவும் திரும்புகிறோம். இன்று தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது அப்படி ஆறேழு பேர் திரும்பி, பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். வந்ததிலிருந்து நான் சிரித்தது அதுதான்.

ஜூன் 20, வியாழன்

சுபி: காய்ச்சல் இல்லை. மருந்து ஏற்றினார்கள். மூன்று வாந்தி.

ஊரில் எங்கள் கடையில் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுவது நான். கல்யாணச் சீர், புதுமனை, காதுகுத்து எதற்கு வாங்கினாலும் மிஷினைப் பிடித்து நான்தான் வெட்டுவேன். வீட்டுக்காரர் கை நடுங்கும். சுபி பிறந்த நாற்பதாம் நாளே கடைக்கு வந்துவிட்டேன், அந்த மிஷின் சத்தத்தில்தான் அவள் தூங்குவாள்.

இன்று சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவும்போது விளிம்பைப் பார்த்தேன். ‘செல்வன் செந்தூர்ராஜ் நினைவாக’ என்று வெட்டியிருந்தது. ‘ஜ்’ஜுக்கு வால் நீளம். என் கை.

பக்கத்துத் தட்டுகளையும் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் எங்கள் கடைச் சரக்கு, எல்லாம் நான் வெட்டியது. போன வருஷம் எங்கள் ஊர் ஜவுளிக்கடை மதினி வந்து வாங்கினார். அவருடைய ஒரே மகன் பன்னிரண்டு வயதில் இதே சீக்கில் போய்விட்டான். எங்கே கொடுக்கப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கனமான தட்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். இத்தனை நாளும் அதில்தான் நான் சாப்பிட்டிருக்கிறேன்.

பக்கத்து அறை வீரம்மாள், ராமநாதபுரம் பக்கம், ஏன் தட்டை வைத்துக்கொண்டு நிற்கிறாய் என்றாள். விளிம்பில் அழுக்கு என்றேன்.

ஜூன் 25, செவ்வாய்

சுபி: காய்ச்சல் இல்லை. நன்றாகச் சாப்பிட்டாள்.

முடி முழுசாகக் கொட்டிவிட்டது. ரெட்டைச் சடை போட்டால் இடுப்பைத் தொடும் முடி. மருந்தில் முகமும் ஊதி, கண் சின்னதாகிவிட்டது. ஊரில் யார் பார்த்தாலும் அடையாளம் தெரியாது.

ரெஜினா அக்கா ஒரு பூப்போட்ட தொப்பி கொடுத்தார். அதைத் தலையிலிருந்து எடுக்க மாட்டேன் என்கிறாள். தூங்கும்போதும் போட்டுக்கொள்கிறாள். இந்த வெயிலில் வேர்க்குரு வரும் என்று கழற்றப் போனால் கையைத் தட்டிவிடுகிறாள். ஒன்பது வயதில் இவ்வளவு பிடிவாதம் ஆகாது.

ஜூன் 29, சனி

சுபி: காய்ச்சல் இல்லை. தயிர் சோறு.

இன்று ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். போட்டோ நேரத்தில் நான் வழக்கம்போல அடுப்படி. திரும்பி வந்து பார்த்தால் சுபியும் போட்டோவில் நிற்காமல் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். நீ ஏன் போகவில்லை என்று கேட்டேன். தலையைத் தலையை ஆட்டினாள். கூச்சம் போலிருக்கிறது.

ஜூலை 3, புதன்

சுபி: காய்ச்சல் 100. ரத்த அணுக்கள் குறைந்திருக்கின்றன என்றார்கள்.

கரும்பலகைக்குப் பக்கத்தில் இந்த மாதம் யார் யார் சாப்பாடு என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். ஏழாம் தேதி ஞாயிறு, செந்தூர்ராஜ் நினைவு நாள். ஜவுளிக்கடை மதினி நேரிலேயே வருவாராம்.

நாத்தனாருக்குப் போன் போட்டு அன்று ஒருநாள் மட்டும் வருகிறேன் என்று சொன்னேன். சரி என்றாள். ஆனால் டாக்டரம்மா பிள்ளையை இல்லத்தை விட்டு எங்கும் கூட்டிப் போகக் கூடாது, பஸ், ஆட்டோ எதுவும் ஆகாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அடுத்த வாரம் எங்கள் ஊர்க் கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறுகிறது. எங்களுக்கு வருஷத்து வியாபாரமே அந்தப் பத்து நாள்தான், அவர் கடையை விட்டு நகர முடியாது. “அவங்க கண்ணுல படாம பாத்துக்கோ கோமதி. ஊர்ல போயி சொல்லிட்டாங்கன்னா நாளைக்கு எவன் நம்மள மதிப்பான்?” என்றார். எனக்கும் அதே எண்ணம்தான் என்பதால் கோபப்பட முடியவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

சுபி: காய்ச்சல் இல்லை.

இன்று செந்தூர்ராஜ் நினைவு நாள். சாம்பார், அவியல், பருப்புப் பாயசம். பாயசம் நன்றாக இருந்தது.

ஜூலை 8, திங்கள்

சுபி: காய்ச்சல் இல்லை. சரியாகச் சாப்பிடவில்லை.

துணி துவைத்தேன். போர்வை இரண்டையும் வெந்நீரில் அலசினேன். வீரம்மாளிடம் ஊசி நூல் வாங்கி சுபியின் மாஸ்க்கு நாடாவைத் தைத்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

சுபி: காய்ச்சல் இல்லை. அரை இட்லி.

எழுதித்தான் ஆக வேண்டும். எழுதாமல் விட்டால் நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

ஞாயிற்றுக்கிழமை சுபியை மாடி அறையிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, நான் ஏப்ரனையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு காலையிலிருந்தே அடுப்படியில் நின்றேன். கூடத்துப் பக்கம் தலைகாட்டவே இல்லை. ஆனால் மதினி பாயசம் கொதி வந்துவிட்டதா என்று பார்க்க அடுப்படிக்கே வந்துவிட்டார். வெறுங்கழுத்தும் வெள்ளைக் கரைச் சேலையுமாக மெலிந்து போயிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“கோமதி, நீ எங்க இங்க? சேவைக்கா வந்திருக்க?”

நான் முதலில் தலையைத்தான் ஆட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊருக்குத் தெரியாமல் இப்படி ஒரு புண்ணியம் செய்கிறாயே என்றார். அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை. “ஆமா மதினி. நாத்தனார் வீட்டுக்கு வாரப்பல்லாம் எட்டிப் பாத்துட்டுப் போவேன்” என்றேன்.

அப்போதுதான் பார்த்தேன், சுபி வாசற்படியில் நிற்கிறாள். தொப்பியும் மாஸ்க்குமாக நிற்கிறாள். எப்போது இறங்கி வந்தாள், எதிலிருந்து கேட்டாள் என்று தெரியவில்லை. என்னைப் பார்த்தாள், மதினியைப் பார்த்தாள், என் ஏப்ரனைப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, எனக்கு ரசம் மட்டும் போதும்” என்றாள்.

மதினி குனிந்து அவள் தொப்பியைத் தடவினார். “யாரு பெத்த பிள்ளையோ” என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. நான் கரண்டியைத் துடைத்தேன். துடைத்த கரண்டியையே மறுபடியும் துடைத்தேன். சுபி ரசத்தை வாங்கிக்கொண்டு “தேங்க்ஸ் ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

நான் அவளைப் பெற்றவள் என்று அந்த அடுப்படியில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது. அதற்கு மேல் எழுத வரவில்லை.

ஜூலை 11, வியாழன்

சுபி: காய்ச்சல் இல்லை. பழச்சாறு மட்டும்.

ஊரில் இன்று கொடியேற்றம்.

சுபியிடம் அன்றைக்கு ஏன் அப்படிக் கூப்பிட்டாய் என்று கேட்டேன். “நீதான அப்படிச் சொன்ன” என்றாள். அவ்வளவுதான். கோபம் இல்லை. படம் வரைந்துகொண்டிருந்தாள். கெட்டிக்காரி, சமயம் பார்த்து நடந்துகொண்டாள் என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததை இங்கே அடித்துவிடாமல் வைக்கிறேன், அந்த வெட்கமும் என்னுடையதுதான்.

ஜூலை 14, ஞாயிறு

சுபி: காய்ச்சல் இல்லை.

வீட்டுக்காரர் போன் செய்தார். குரலே துள்ளியது. ஜவுளிக்கடை மதினி கடைக்கே வந்து, இப்படி ஒரு மனைவி கிடைக்க நீர் கொடுத்துவைத்தவர் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டுப் போனாராம். ஆடி அமாவாசைக்கு மறுபடியும் சாப்பாடு கொடுக்க வரும்போது எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறாராம். “அது பாட்டுக்கு அப்படியே இருந்துட்டுப் போகட்டும். நாம யாருக்கும் கெடுதல் செய்யலியே” என்றார்.

சுபியைக் கேட்டாரா என்றால், கேட்டார். பொன்னாடையைப் பற்றிப் பேசி முடித்த பிறகு கேட்டார். பாவம், அவரையும் குறை சொல்ல முடியாது. கடையில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் சிரித்துக்கொண்டு, பிள்ளைக்கு ரத்தக் குறைவு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஜூலை 18, வியாழன்

இன்று முதுகில் ஊசி.

போன தடவை இதே ஊசிக்கு ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும்படி “யம்மா, யம்மா” என்று கத்தினாள். மதுரைப் பிள்ளைகள் அம்மா என்பார்கள், எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது யம்மாதான். அப்போது நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இன்றும் காலைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தைக்குத் துணையாக வந்திருந்த அம்மாள் நர்ஸிடம் தங்களுக்கு சங்கரன்கோவில் என்று பேச்சுவாக்கில் சொன்னார். எனக்குத் தெரியாத முகம். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

சுபி காதில் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஊசி இறங்கியபோது அவள் உடம்பு முழுவதும் இழுத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். சத்தம் வரவில்லை. அழுதுவிடு பாப்பா என்று நர்ஸ் சொல்லியும் வாயைத் திறக்கவில்லை. உதட்டில் ரத்தம் வந்துவிட்டது. முடிந்து அசையாமல் படுக்க வைத்தபோது நர்ஸ் என்னைக் காட்டி, அம்மா கையைப் பிடித்துக்கொள் என்றாள். சுபி பக்கத்துக் கட்டிலைப் பார்த்துவிட்டு, “அவங்க அம்மா இல்ல, இல்லத்து ஆன்ட்டி” என்றாள்.

வேனில் திரும்பும்போது மடியில் படுத்திருந்தாள். யாரும் கேட்காத குரலில் சொன்னாள்:

“முடி வளந்தப்புறம் யம்மான்னு கூப்பிடட்டுமா?”

எனக்குப் புரிய அவ்வளவு நேரம் ஆகியிருக்கக் கூடாது. தொப்பி, தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தது, சாப்பாடு இறங்காதது எல்லாம் அங்கே வேனில்தான் எனக்கு விளங்கியது. இந்த மொட்டைத் தலைக்காகத்தான் நான் போட்டோவுக்கு நிற்காமல் ஓடுகிறேன் என்று என் பிள்ளை இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் அசிங்கமாக இருக்கிறாளாம், அதனால் எனக்குப் பிள்ளை என்று சொல்ல வெட்கமாம். அதற்கும் கோபித்துக்கொள்ளாமல் முடி வளரும்வரை காத்திருக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறாள்.

அப்படி இல்லடி தங்கம் என்றேன். சரி என்றாள். நம்பவில்லை. நான் என்ன சொன்னாலும் இனி அவள் நான் செய்வதைத்தான் பார்ப்பாள்.

ஜூலை 21, ஞாயிறு

சுபி: காய்ச்சல் இல்லை. அரை இட்லி, கொஞ்சம் இளநீர்.

இன்று ஆடித்தபசு. சாயங்காலம் வீட்டுக்காரர் வீடியோவில் கூட்டத்தைக் காட்டினார். சுபி தலையில் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு பார்த்தாள். அப்பாவுக்குப் பின்னால் கடைக்கு வந்தவர்கள் தெரிந்தார்கள், அவர்கள் கண்ணில் தான் பட்டுவிடக் கூடாதாம். போனை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

தனியாக இருக்கும்போது பழையபடி பேசுகிறாள். மூன்றாவது ஆள் வந்துவிட்டால் என்னை எப்படியும் கூப்பிடுவதில்லை. சேலையைப் பிடித்து இழுக்கிறாள், இல்லாவிட்டால் முன்னால் வந்து நிற்கிறாள். வீரம்மாள் முன்னாலும் அப்படித்தான். பிள்ளைக்கு என்ன, பேச்சைக் குறைத்துவிட்டாளே என்று வீரம்மாள் கேட்டாள். நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எனக்கு ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். “ஒம் மேல எனக்குக் கோவம் வருது, செத்த அங்கிட்டுப் போ” என்றாள். மத்தியானம் வரைக்கும் என்னோடு பேசவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

சுபி: காய்ச்சல் இல்லை. அணுக்கள் ஏறியிருக்கின்றன. எடை குறைந்திருக்கிறது. சாப்பிட்டால்தான் அடுத்த மருந்து தாங்கும் என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், அமாவாசை அன்று மதினியிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று.  அவர் கடையை யார் பார்ப்பது, நம்மிடம் பாத்திரச் சீட்டுக் கட்டுகிறவர்கள் என்ன நினைப்பார்கள், சுபிக்கு நாளைக்கு ஒரு கல்யாணம் என்று வந்தால் என்று அடுக்கிக்கொண்டே போனார். கல்யாணம் வரைக்கும் பிள்ளை இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் போனை வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு, ஆடி அமாவாசை

காலையில் சுபிக்குத் தலை துடைத்துவிட்டு, கீழே போய்ச் சாப்பிடலாம் என்றேன். யார் வருகிறார்கள் என்று கேட்டாள். சொன்னேன். “அப்ப நான் வரல. நீ போ” என்றாள். தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். தூக்கி இடுப்பில் வைத்தேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இருக்க வேண்டிய கனம் இல்லை.

அடுப்படிக்குப் போகவில்லை. ஏப்ரன் ஆணியில் தொங்கியது. கூடத்தில் வீரம்மாளுக்குப் பக்கத்தில், வரிசையில், தரையில் உட்கார்ந்தேன். சுபியைப் பக்கத்தில் உட்கார்த்தினேன். அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். இழுத்து ஒட்ட வைத்தேன்.

மதினி சோற்று வாளியோடு வரிசையில் வந்தார். தோளில் மாட்டியிருந்த பையில் பொன்னாடையின் ஜரிகை தெரிந்தது. என் முன்னால் வந்ததும் சிரித்தார்.

“நீ என்ன இங்க உக்காந்துட்ட? எந்திச்சு வா, பரிமாறுவோம்.”

 பாதியில் நின்றால் மறுபடியும் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். “மதினி, இது எம் மக சுபி. உங்க பிள்ளைக்கு வந்த சீக்குதான் இவளுக்கும். ரெண்டு மாசமா நாங்க இங்கதான் தங்கியிருக்கோம். அன்னைக்கு நான் சொன்னது பொய்” என்றேன்.

கரண்டி அப்படியே நின்றது. அவர் சுபியைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். அன்று தடவிய தொப்பிதான்.

“பெத்த பிள்ளைய வச்சுக்கிட்டா அப்படி நின்ன?” என்றார். “ஏன்?”

“வெக்கமா இருந்துச்சு மதினி.”

“எதுக்கு வெக்கம்? பிள்ளைக்கா?”

சுபி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காது முழுவதும் என் வாயில் இருக்கிறது என்று தெரிந்தது. சுற்றி எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

“பிள்ளைக்கு இல்ல. இவள யாரு முன்னால வேணும்னாலும் எம் பிள்ளைன்னு சொல்லுவேன். தர்மச் சோறு சாப்பிடுறதுக்கு வெக்கம். கொடுத்தே பழகின வீடுன்னு ஒரு வீம்பு. அதுக்குத்தான் ஓடி ஒளிஞ்சேன்.”

மதினியின் முகம் சுருங்கியது. நான் அதை எதிர்பார்க்கவில்லை. அவர் அணைத்துக்கொள்வார், ஆறுதல் சொல்வார் என்று என் மனதின் ஓரத்தில் ஒரு பேராசை இருந்திருக்கிறது.

“எம் மவன் பேர்ல போடுற சோறு. அத வாங்கித் திங்க ஒனக்கு வெக்கமா இருந்துச்சா?” என்றார். குரல் உயரவில்லை. “இதே எடத்துல நானும் அவனும் உக்காந்து சாப்பிட்டிருக்கோம் கோமதி.”

 அவர் என் தட்டில் சோறு வைத்தார். சுபி தட்டில் வைத்தார். குழைவாக இருந்த பக்கமாகப் பார்த்து அவளுக்கு எடுத்து வைத்ததைக் கவனித்தேன். பிறகு அடுத்த தட்டுக்குப் போய்விட்டார். பொன்னாடை பையிலேயே இருந்தது.

சாப்பிட்டேன். வெட்கம் போய்விட்டது என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். இப்போது மதினியைப் பார்க்கவும் வெட்கமாக இருந்தது. ஆனால் சுபி சாப்பிட்டாள். தட்டில் வைத்த சோற்றை மெதுவாக, நிறுத்தாமல் சாப்பிட்டு, மறுசோறு வாங்கினாள்.

போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். எழுந்து போய் நின்றேன், சுபியை முன்னால் நிறுத்தி இரண்டு கையையும் அவள் தோளில் போட்டுக்கொண்டேன். தொப்பியைக் கழற்றட்டுமா என்று நான் கேட்கவில்லை, அவளும் கழற்றவில்லை. மதினி வரிசையின் அந்தக் கோடியில் நின்றார். போகும்போது ரெஜினா அக்காவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார்.

போட்டோ சாயங்காலமே வந்துவிட்டது. எல்லாரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சுபி மட்டும் நிமிர்ந்து, நான் இன்னும் நிற்கிறேனா என்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

சுபி: காய்ச்சல் இல்லை. இட்லி இரண்டு.

வீட்டுக்காரரிடமிருந்து போன் இல்லை. நான் போட்டாலும் எடுக்கவில்லை. ஊருக்குள் தெரிந்திருக்கும்.

சுபி பேசுகிறாள், விளையாடுகிறாள். ஆனால் மற்றவர்கள் முன்னால் இன்னும் சேலையைப் பிடித்துத்தான் இழுக்கிறாள். அவசரப்படுத்த எனக்கு உரிமை இல்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

சுபி: காய்ச்சல் இல்லை. மருந்து ஏற்றினார்கள். ஒரு வாந்திதான்.

வீட்டுக்காரர் வந்திருந்தார். கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார்.  சுபியைப் பார்த்து நின்றார். போனில் பார்ப்பதும் நேரில் பார்ப்பதும் ஒன்றல்ல. பிறகு வரிசையில் எங்களோடு உட்கார்ந்தார். தட்டைத் திருப்பி விளிம்பில் இருந்ததைப் படித்தார். கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு குனிந்து அழுதார். சாயங்காலம் கிளம்பும்போது, ஜவுளிக்கடையில் போய்ப் பேசுகிறேன் என்றார். என்ன பேசுவார் என்று தெரியவில்லை. நானே போய்த்தான் பேச வேண்டும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சாப்பாடு முடிந்து நாங்கள் எல்லாரும் முற்றத்துக் குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தோம். இன்று வந்திருந்தவர்கள் ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள், அவர்களும் கூடத்தில்தான் நின்றார்கள். மாடியிலிருந்து ஒரு சத்தம்.

“யம்மா! என் தொப்பி எங்க?”

எல்லா அம்மாவும் திரும்பினார்கள். வீரம்மாள் என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு, “ஒன்னையத்தான், போ” என்றாள்.